ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர் வாங்கும் முன்: பெட்டியில் போட்ட வாட்டும் உங்கள் அறைக்குத் தேவையான வாட்டும்

ஒரு ரிசீவரின் (படத்தின் ஒலியைப் பிரித்து, ஆம்ப்ளிஃபயரால் பெருக்கி, ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) அட்டைப்பெட்டியில் "சேனலுக்கு 210 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். சேனல் என்பது ஒரு ஸ்பீக்கருக்கான தனி ஒலி வழி. அதே ரிசீவரின் கையேட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினால் 105 வாட் என்று இருக்கும். இரண்டும் பொய் இல்லை, வேறு வேறு நிலைமைகளில் அளந்தவை. ஆனால் வாங்க வருபவர் கண்ணில் படுவது 210தான். பக்கத்திலிருக்கும் இன்னொரு பெட்டியில் வெறும் 90 வாட் என்று நேர்மையாகப் போட்டிருந்தால் அதை ஒதுக்கிவிட்டுப் போய்விடுகிறார்.

எத்தனை வாட் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், உங்களுக்கு எத்தனை வாட் தேவைப்படுகிறது என்று பார்த்தீர்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் யாரும் பார்த்திருப்பதில்லை. கணக்குப் போடப் பத்து நிமிடம், அளந்து பார்க்க அரை மணி நேரம் போதும். அதைச் செய்யாமல் ஆம்ப்ளிஃபயரின் தரத்தைப் பேசுவதில் அர்த்தம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதனால் இந்த வழிகாட்டி உங்கள் அறையிலிருந்து தொடங்குகிறது. தகவல் தாள் அப்புறம்.

படி 1: தேவையைக் கணக்கிடுங்கள்

மூன்று எண்கள் வேண்டும்: ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, நீங்கள் உட்காரும் தூரம், எவ்வளவு சத்தமாகக் கேட்பீர்கள் என்பது.

சென்சிடிவிட்டி என்பது 2.83 வோல்ட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்ற அளவு. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்றால் 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கர் அதே வோல்ட்டுக்கு 2 வாட் இழுக்கும். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் 90 டெசிபல் என்று போட்டிருந்தால், ஒரு வாட்டுக்கு அது 87தான்.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். 3 மீட்டரில் 9.5 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், அதற்கு 3 டெசிபல் என்று வைத்துக்கொள்ளலாம்.

சினிமா அரங்கின் அளவுகோல்படி முக்கியமான ஒவ்வொரு சேனலும் உச்சத்தில் 105 டெசிபல் தர வேண்டும். வீட்டில் அந்த அளவுக்கு வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. அதைவிட 10 டெசிபல் குறைவாக வைத்தாலே பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடுவார்.

இப்போது கூட்டிக் கழிப்போம். 87 டெசிபல் ஸ்பீக்கர், 3 மீட்டர் தூரம். ஒரு வாட்டுக்கு உங்கள் காதுக்கு வருவது 87 − 9.5 + 3 = 80.5 டெசிபல். 105 வேண்டுமென்றால் இன்னும் 24.5 டெசிபல், அதாவது சுமார் 280 வாட். 95 போதும் என்றால் 14.5 டெசிபல், வெறும் 28 வாட்.

இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். அதே அறை, அதே ஸ்பீக்கர். வால்யூமில் 10 டெசிபல் வித்தியாசம் ஆம்ப்ளிஃபயரின் தேவையைப் பத்து மடங்கு மாற்றுகிறது. இதோடு ஒப்பிட்டால் 100 வாட் மாடலுக்கும் 140 வாட் மாடலுக்கும் இடையிலான வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 1.5 டெசிபல். ஸ்பீக்கரை மாற்றும்போது 87க்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கராகப் பார்த்து வாங்கினால், இருக்கிற ஆம்ப்பின் வாட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம்.

சப்வூஃபர் இருந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அதற்குத் திருப்பிவிட்டால், கனமான பேஸ் வேலை முழுவதும் சப்வூஃபருக்குள் இருக்கும் ஆம்ப்புக்குப் போய்விடும். ரிசீவர் நிம்மதியாக மூச்சு விடும்.

படி 2: மல்டிமீட்டரை எடுங்கள்

கணக்கு ஒரு மதிப்பீடுதான். ஏற்கெனவே ஏதாவது ஒரு ரிசீவர் வீட்டில் இருந்தால் உண்மையான எண்ணை நேரடியாகவே அளந்துவிடலாம். ஒரு சாதாரண மல்டிமீட்டரும், 200 ஹெர்ட்ஸ் சைன் அலை (ஒரே சுருதியில் ஓடும் சத்தம்) பதிவான ஒரு கோப்பும் போதும். அந்த அலை டிஜிட்டல் உச்சத்துக்கு (ஒரு பதிவில் இருக்கக்கூடிய மிக அதிக அளவு) 20 டெசிபல் கீழே பதிவாகியிருக்க வேண்டும். இலவச ஆடியோ எடிட்டர் எதிலும் இதை ஒரு நிமிடத்தில் உருவாக்கலாம்.

முதலில் உங்களுக்குத் தெரிந்த ஒரு படத்தின் மிகச் சத்தமான காட்சியைப் போடுங்கள். இதற்கு மேல் ஒருநாளும் வைக்க மாட்டேன் என்று தோன்றும் இடம் வரை வால்யூமை ஏற்றுங்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தை நிறுத்துங்கள். வால்யூமைக் குறைத்து வைத்துவிட்டு சைன் அலையை ஸ்டீரியோ முறையில் ஓடவிடுங்கள். சரியான கோப்புதான் ஓடுகிறது என்று தெரிந்ததும், குறித்துவைத்த எண்ணுக்கு வால்யூமைக் கொண்டுபோங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இடது ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு முனைகளில் ஊசிகளை வையுங்கள். ஸ்பீக்கரைக் கழற்ற வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: ஊசி வழுக்கி இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று தொட்டுவிடக் கூடாது. தொட்டால் ரிசீவரின் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

என் அறையில் மீட்டர் காட்டியது 1.6 வோல்ட். 20 டெசிபல் என்பது வோல்ட்டில் பத்து மடங்கு, ஆகவே பதிவின் உச்சத்தில் 16 வோல்ட். அதை அதனாலேயே பெருக்கினால் 256. ஸ்பீக்கரின் 8 ஓமால் வகுத்தால் 32 வாட்.

32 வாட்! சேனலுக்கு 200 வாட் தரும் தனி ஆம்ப் ஒன்றை வாங்கலாமா என்று பல மாதம் யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, இந்த ஒரு எண் எல்லாவற்றையும் தெளிவாக்கிவிட்டது. எந்தப் பதிவும் டிஜிட்டல் உச்சத்தைத் தாண்டாது. அறைத் திருத்தம் (அறைக்கேற்ப ஒலியைச் சரிசெய்யும் ரிசீவர் வசதி) சில அலைவரிசைகளை ஏற்றிக் கொடுப்பதற்காக இரண்டு மடங்கு இடம் விட்டாலும் 64 வாட் போதும். அந்தப் பணம் இரண்டாவது சப்வூஃபருக்குப் போனது. அதன் பலனை ஒவ்வொரு படத்திலும் கேட்கிறேன்.

உங்கள் எண் வேறாக இருக்கலாம். பெரிய அறை, சென்சிடிவிட்டி குறைந்த 4 ஓம் ஸ்பீக்கர், சத்தமாகக் கேட்கும் பழக்கம் எல்லாம் சேர்ந்தால் 150 வாட்டைத் தாண்டலாம். அப்போது தனி ஆம்ப் வாங்குவதற்கு உங்களிடம் உண்மையான காரணம் இருக்கிறது.

படி 3: தகவல் தாளில் நான்கு கேள்விகள்

சரி, தேவை தெரிந்துவிட்டது. இனி தகவல் தாள். வாட் என்ற எண்ணைப் பார்த்ததும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை சேனல்களை ஒரே நேரத்தில் இயக்கி அளந்தார்கள்? எத்தனை ஓம்? எந்த அலைவரிசையில்? எவ்வளவு டிஸ்டார்ஷனை (ஒலிச் சிதைவை) அனுமதித்தார்கள்?

கொட்டை எழுத்து 210 எப்படி வந்தது என்று இப்போது புரியும். ஒரு சேனலை மட்டும் இயக்கினால் மொத்தப் பவர் சப்ளையும் அதற்கே கிடைக்கும். 8க்குப் பதில் 6 ஓம் என்றால் மின்னோட்டம் கூடும். 1 கிலோஹெர்ட்ஸில் மட்டும் அளந்தால் பேஸும் உயர் அலைவரிசை ஒலியும் தரும் சிரமம் இல்லை. 10 சதவீத டிஸ்டார்ஷன் என்றால் அலையின் தலையும் காலும் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கும். அந்தச் சத்தத்தை யாரும் உட்கார்ந்து கேட்க முடியாது, ஆனால் அதனாலேயே கால் பங்கு வாட் கூடுதலாகக் கிடைத்துவிடும். நீங்கள் தேட வேண்டிய வரி இப்படி இருக்கும்: 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.1 சதவீதத்துக்குள் டிஸ்டார்ஷன், குறைந்தது இரண்டு சேனல்கள். அந்த வரி எங்கேயும் இல்லையென்றால் அந்தக் கருவியை ஒப்பீட்டுக்கே எடுக்காதீர்கள்.

வாட் எண்ணை ஊதிப் பெருக்கும் பழக்கம் புதிதல்ல. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1974-லேயே இதற்கு ஒரு விதி கொண்டுவந்தது. ஆனால் பல சேனல் கருவிகள் வந்தபோது எத்தனை சேனல்களைச் சேர்த்து அளப்பது என்பது நெடுநாள் குழப்பமாகவே இருந்தது. 2024-ல் அந்த விதியைத் திருத்தி, அளவிடும் நிலைமைகளை ஒரே மாதிரி ஆக்கினார்கள்.

எல்லாச் சேனல்களும் ஒருசேர இயங்கும்போது எவ்வளவு என்று சிலர் விடாமல் கேட்பார்கள். பவர் சப்ளையின் திராணியைக் காட்டும் எண் என்ற அளவில் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒன்பது சேனல்களும் ஒரே நொடியில் முழு அளவில் அலறும் காட்சி படங்களில் இருப்பதில்லை. பெரும்பாலான வேலை நடுச் சேனலுக்கும் முன்னால் இருக்கும் இரண்டுக்கும்தான். 100 வாட் ரிசீவர் ஐந்து சேனல்களை இயக்கும்போது 65, 70 வாட் கொடுத்தால் நான் திருப்தி அடைவேன். 35க்கு விழுந்தால் யோசிப்பேன்.

இன்னொரு தவறான வழக்கம்: பின்பக்கத் தகட்டில் உள்ள மின் நுகர்வு எண்ணைச் சேனல்களால் வகுத்துப் பார்ப்பது. பாதுகாப்புத் தரவிதிகளின்படி அந்த எண் வெட்டுப்படாத வெளியீட்டின் எட்டில் ஒரு பங்கில் அளக்கப்படுவது. ஆம்ப்பின் உச்சத் திறனைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

படி 4: 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு

8 ஓமில் 100 வாட் என்றால் 28 வோல்ட், 3.5 ஆம்பியர். அதே 28 வோல்ட்டுக்கு 4 ஓம் ஸ்பீக்கர் 7 ஆம்பியர் கேட்கும். தரக்கூடிய டிரான்ஸ்ஃபார்மரும் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களும் இருந்தால் 200 வாட் வரும். இல்லையென்றால் மின்னோட்டக் கட்டுப்பாடு குறுக்கே வரும். ஸ்பீக்கரின் ஓம் நிலையானதும் அல்ல. 8 ஓம் என்று சொல்லப்படும் ஸ்பீக்கர் ஏதோ ஓர் அலைவரிசையில் 3.5 ஓமுக்கு இறங்கலாம்.

ஆகவே 4 ஓமில் எவ்வளவு என்று நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறதா பாருங்கள். 8 ஓம் எண்ணைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் நல்ல பவர் சப்ளை. 4 ஓமைப் பற்றிப் பேச்சே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

சில ரிசீவர்களின் மெனுவில் ஸ்பீக்கர் ஓமைக் குறைத்து வைக்க ஓர் அமைப்பு இருக்கும். அதைத் தொட்டால் 4 ஓம் ஸ்பீக்கர் நன்றாக இயங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது உள்ளே வோல்ட்டேஜைக் குறைத்து, சூடு வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதற்கானது. வாட் குறையும். சத்தமாகக் கேட்பவருக்கு வெட்டுப்படுவது இன்னும் சீக்கிரமே தொடங்கும்.

படி 5: தனி ஆம்ப் சேர்ப்பதானால் கெயினைப் பாருங்கள்

பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. தனி ஆம்ப்பின் கெயின் 29 டெசிபல் என்றால், உள்ளே வரும் வோல்ட்டை அது 28 மடங்கு ஆக்கும். 1 வோல்ட் வந்தால் 28 வோல்ட், அதாவது 8 ஓமில் 100 வாட். 200 வாட்டுக்கு 40 வோல்ட் வேண்டும், ஆகவே 1.4 வோல்ட் உள்ளே வர வேண்டும். நல்ல ரிசீவரின் பிரீ-அவுட் (தனி ஆம்ப்புக்கு ஒலியைக் கொண்டுபோகும் வெளியீடு) இதைச் சுத்தமாகத் தந்துவிடும்.

கெயின் 23 டெசிபல்தான் என்றால் 14 மடங்குதான். அதே 200 வாட்டுக்கு 2.9 வோல்ட் தேவை. பல ரிசீவர்களின் பிரீ-அவுட் அதற்கு முன்பே திணற ஆரம்பித்துவிடும். பெரிய ஆம்ப் வாங்கியும் அதன் பாதித் திறன்கூட வெளிவராமல் போவது இப்படித்தான். குறைந்த கெயின் ஆம்ப்பை எக்ஸ்எல்ஆர் (மூன்று ஊசி இணைப்பு) வெளியீடுள்ள பிராசஸருடன் (ஆம்ப் இல்லாத ரிசீவர்) சேர்த்தால் சரியாகப் பொருந்தும், அங்கே 4 வோல்ட் வரை கிடைப்பது சகஜம். வாங்கும் முன் இரண்டு கருவிகளின் எண்களையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

படி 6: இரைச்சல், டிஸ்டார்ஷன், டேம்பிங்

டிஸ்டார்ஷனையும் இரைச்சலையும் சேர்த்துச் சொல்லும் சினாட் என்ற எண்ணை வைத்து ஆம்ப்களைத் தரவரிசைப்படுத்துகிறார்கள். 80 டெசிபல் என்றால் 0.01 சதவீதம், 100 என்றால் 0.001 சதவீதம். பொறியியல் ஒழுங்கின் அடையாளம் என்ற வகையில் 100 அழகுதான். ஆனால் ஸ்பீக்கரே 0.5 சதவீதம் போடும்போது 80ஐத் தாண்டியதற்குப் பிறகு நான் கூடுதல் காசு கொடுக்க மாட்டேன்.

இரைச்சல் வேறு. எதுவும் ஓடாதபோது ட்வீட்டருக்கு (உயர் அலைவரிசை ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) அருகில் காதை வைத்துக் கேளுங்கள். ஒரு கை தூரத்தில் 'ஸ்ஸ்' கேட்டாலும் பரவாயில்லை. உட்காரும் இடம் வரை வந்தால் உதவாது. சென்சிடிவிட்டி அதிகமுள்ள ஸ்பீக்கரில் இது பெரிய தொல்லை.

டேம்பிங் ஃபேக்டர் என்பது ஸ்பீக்கரின் ஓமை ஆம்ப்பின் உள் ஓமால் வகுத்தால் வரும் எண். அதை 2000 என்று பெருமையாகப் போடுவதில் பயன் குறைவு. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் ஓடினாலே, போக வர 0.07 ஓம் சேர்ந்துவிடும். அந்தக் கம்பியின் முடிவில் 200 என்று போட்ட ஆம்ப் 73 ஆகிறது, 2000 என்று போட்டது 110 ஆகிறது. இரண்டுமே தேவைக்கு மேல்.

படி 7: கிளாஸ் ஏபியா, கிளாஸ் டியா?

ஆம்ப் சுற்றில் இரண்டு வகை: வழக்கமான கிளாஸ் ஏபி, மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடி வேலை செய்யும் கிளாஸ் டி. கிளாஸ் ஏபியின் செயல்திறன் (இழுக்கும் மின்சாரத்தில் ஸ்பீக்கருக்குப் போகும் பங்கு) கோட்பாட்டளவிலேயே 78.5 சதவீதத்தைத் தாண்டாது. சாதாரண வால்யூமில் அதைவிட எவ்வளவோ குறைவு, மீதி எல்லாம் சூடு. ஏழு சேனல் ஏபி ஆம்ப்பை மூடிய அலமாரியில் வைப்பது அதன் கெபாசிட்டர்களைச் சாகடிப்பதற்குச் சமம். கிளாஸ் டி 90 சதவீதத்தை நெருங்குகிறது, எடையும் குறைவு.

பழைய கிளாஸ் டியில் ஸ்பீக்கரைப் பொறுத்து உயர் அலைவரிசை ஒலி மாறும் குறை இருந்தது. ஹைபெக்ஸ் நிறுவனத்தின் என்கோர் போன்ற புதிய மாட்யூல்கள் (ஆயத்த ஆம்ப் பலகைகள்) வெளியீட்டு ஃபில்டருக்குப் பிறகிருந்து பின்னூட்டம் எடுத்துப் பிழையைத் திருத்துவதால் அந்தக் குறை போய்விட்டது. மதிப்பு பார்ப்பவர்களுக்கு இதில் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இப்படிப்பட்ட ஆயத்த மாட்யூல்களைப் பல நிறுவனங்கள் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கின்றன. உள்ளே இருக்கும் மாட்யூலின் பெயரைத் தேடிப் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தால் நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது முகப்புத் தகட்டுக்கும் உத்தரவாதத்துக்கும்தான். நல்ல உத்தரவாதம் என்றால் கொடுக்கலாம்.

படி 8: காதால் ஒப்பிடுவது

அரை டெசிபல் சத்தம் கூடினால் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, "இது தெளிவாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். இரண்டு ஆம்ப்களை ஒப்பிடும்போது படி 2-ல் செய்ததுபோல மீட்டரால் அளந்து, வோல்ட் 1 சதவீதத்துக்குள் சமம் ஆக்குங்கள். ஒன்று 2.00 காட்டினால் மற்றது 2.02-ஐத் தாண்டக் கூடாது. அறைத் திருத்தத்தை அணையுங்கள். எது ஓடுகிறது என்று தெரியாதபடி இன்னொருவர் மாற்றிக் கொடுக்கட்டும்.

1985-ல் பாப் கார்வர் என்ற பொறியாளர், ஸ்டீரியோஃபைல் இதழின் ஆசிரியர்கள் தேர்ந்தெடுத்த விலை உயர்ந்த ஓர் ஆம்ப்பின் ஒலியைத் தன் ஆம்ப்பில் கொண்டுவருவதாகச் சவால் விட்டார். இரண்டின் வெளியீட்டையும் கழித்து, மிஞ்சும் வித்தியாசம் மிகச் சிறியதாகும் வரை தன் ஆம்ப்பை மாற்றியமைத்தார். கடைசியில் ஆசிரியர்களால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒலியின் குணம் என்று சொல்லப்படுவது அளக்கக்கூடியது என்பதை அன்றே காட்டிய நிகழ்ச்சி அது.

படி 9: பணத்தை எங்கே போடுவது

ரிசீவருக்குள் இரண்டு கருவிகள் இருக்கின்றன: ஒரு கணினி, ஓர் ஆம்ப். கணினி சீக்கிரம் பழசாகும். டால்பி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் முறை) வீடுகளுக்கு 2014-ல் வந்தது, முந்தைய ஆண்டு உயர்ந்த மாடலை வாங்கியவர்களிடம் அது இல்லை. எச்டிஎம்ஐ 2.1 தரம் 2017-ல் வந்தபோதும் இதே கதைதான். ஆம்ப் பகுதிக்கு இந்தக் கவலை இல்லை. நல்ல கிளாஸ் ஏபி ஆம்ப் இருபது வருடம் உழைக்கும்.

அதனால் நான் சொல்வது இதுதான். உங்கள் அளவு 60, 70 வாட்டுக்குள் என்றால் நடுத்தர ரிசீவரே போதும், ஆனால் பிரீ-அவுட் உள்ளதாகப் பாருங்கள். 7.1.4 அமைப்புக்கு (சுற்றிலும் ஏழு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், மேலே நான்கு) பதினொரு சேனல் வேண்டும், சப்வூஃபருக்குத் தன் சொந்த ஆம்ப் உண்டு. பதினொரு சேனலுக்கு ஒலியைப் பிரித்துத் தரும் ஒன்பது சேனல் ரிசீவருடன் முன் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் இரண்டு சேனல் ஆம்ப் சேர்த்தால், பெரும்பாலும் பதினொரு சேனல் ரிசீவரைவிடக் குறைவாக முடியும். கூடவே ரிசீவரின் சுமையும் குறையும். தேவை அதற்கு மேல் என்றால் பழைய பவர் ஆம்ப் ஒன்றைத் தேடுங்கள். அதைவிட நல்ல மதிப்பு இந்தத் துறையில் இல்லை.

பழையதைச் சோதிப்பதற்கு ஓர் அனுபவம் சொல்கிறேன். ஐந்து சேனல் ஆம்ப் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். நான்கு சேனல்கள் சரி. ஐந்தாவது, மெல்லிய சத்தத்தில் கரகரத்தது. வால்யூமை ஏற்றியதும் "டக்" என்று தெளிவாகிவிட்டது. விற்பவர் சத்தமாக வைத்துக் காட்டியதில் அது தெரியாமல் போயிருந்தது. ரிலேயின் (ஸ்பீக்கரை ஆம்ப்புடன் இணைக்கும் உள் சுவிட்ச்) முனைகள் கறுத்துப் போனதன் அறிகுறி இது. மின்னோட்டம் கூடும்போது அழுக்கைத் தாண்டிப் பாய்ந்துவிடும். ரிலேயை மாற்றுவது சின்ன வேலைதான், ஆனால் விலை பேசும்போது தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு சேனலையும் முதலில் மிக மெல்லிய சத்தத்தில் கேளுங்கள்.

அப்புறம் உள்ளீட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் அளந்து பாருங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 50-ஐத் தாண்டினால் விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்தபின் ஹீட்சிங்கின் மேல் உள்ளங்கையை வையுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஓரிடம் மட்டும் கையை வைக்க முடியாமல் கொதித்தால், அந்தச் சேனலின் பயஸ் (ஒலி இல்லாதபோதும் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு மின்னோட்டம்) கெட்டிருக்கிறது. சரிசெய்யும் ஆளைத் தெரிந்திருந்தால் மட்டுமே அதை எடுங்கள்.